பீலித் தண்ணீர் எந்த வகை ஓட்டம்?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பவியல் படிக்கும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “நோட்ஸில் பாய்ம ஓட்ட வகைகள் என்று பதின்மூன்று பெயர் இருக்கிறது. எல்லாம் பாடமாக்கிவிட்டேன். ஆனால் எங்கள் லயத்துப் பீலியில் விழுகிற தண்ணீர் எந்த வகை என்று சேர் கேட்டதும் வாயடைத்துப் போனேன். அடிப்படையிலிருந்து ஒருமுறை சொல்லித் தருவீர்களா அண்ணே? பரீட்சையில் எப்படி எழுதுவது என்றும் சொல்லுங்கள்.” (லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், பீலி என்பது அங்கே தண்ணீர் வந்து விழும் தூம்பு.)

தம்பி, சேர் கேட்டதற்கு ஒற்றைப் பெயரில் பதில் கிடையாது. அதனால்தான் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். அந்தப் பதின்மூன்றும் பதின்மூன்று விதமான தண்ணீர் இல்லை. ஆறு கேள்விகள், ஐந்துக்கு இரண்டிரண்டு விடை, ஒன்றுக்கு மூன்று விடை. அவ்வளவுதான். ஒரு ஆளிடம் ஊர் எது, என்ன வேலை, கலியாணம் ஆகிவிட்டதா என்று கேட்டால் மூன்றுக்கும் அவரிடம் விடை இருக்கும் அல்லவா? “நீங்கள் ஹட்டனா, அல்லது கலியாணமானவரா?” என்று யாராவது கேட்பார்களா? நோட்ஸ் அப்படித்தான் கேட்கிறது.

கேள்விகளுக்குப் போக முன் பாய்மம் என்றால் என்ன என்று பார்ப்போம். எனக்கு அது புரிந்தது வகுப்பில் இல்லை, ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில். அப்பா ட்ரையர் பக்கம் வேலை செய்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் சாப்பாட்டுக் கேரியரை அங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அந்த ட்ரையரின் அடியில் துளை போட்ட தகடு இருக்கும். அதன் வழியாகச் சூடான காற்றைக் கீழிருந்து மேலே தள்ளுவார்கள். காற்று குறைவாக இருக்கும் மட்டும் தேயிலைத் தூள் மண் குவியல் போலக் கிடக்கும். வேகம் ஒரு அளவைத் தாண்டியதும் ஒவ்வொரு துணிக்கையின் நிறையையும் காற்றே தாங்கிக்கொள்ளும். உடனே முழுப் படுக்கையும் பொங்கும், மேற்பரப்பு மட்டமாகும், பால் காய்வது போலக் குமிழி விடும், ஒரு பக்கத்தில் போட்டது மறுபக்கத் தடுப்பைத் தாண்டித் தானாக வழியும். காற்றை நிறுத்தினால் பழையபடி குவியல். ‘ஃப்ளூயிட் பெட் ட்ரையர்’ என்ற பெயரில் இருக்கிற ஃப்ளூயிட் இதுதான். உள்ளே இருப்பது உலர்ந்த தூள், ஆனால் நடத்தை தண்ணீரின் நடத்தை.

ஆக, பாய்மம் என்பது நடத்தையை வைத்துச் சொல்லும் பெயர். சவர்க்காரக் கட்டியை மேசையில் ஒட்டிவைத்து அதன் தலையைப் பக்கவாட்டில் தள்ளினால், கொஞ்சம் சாய்ந்து நின்றுவிடும். தேன் போலத் தடித்த கித்துள் பாணியை அப்படித் தள்ளினால், தள்ளும் நேரமெல்லாம் அது நகர்ந்துகொண்டே இருக்கும். மெதுவாகப் போகலாம், ஆனால் நிற்காது. பக்கவாட்டு விசையை அசையாமல் நின்று தாங்க முடியாதது எதுவோ அது பாய்மம். திரவமும் அப்படித்தான், வாயுவும் அப்படித்தான்.

அடர்த்தி பற்றி உங்களுக்குத் தெரியும். தண்ணீர் ஒரு கன மீற்றருக்கு 1000 கிலோகிராம், காற்று கடல்மட்டத்தில் சுமார் 1.2 கிலோகிராம். அமுக்கத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் மலையகத்தில் தண்ணீர் வேலை செய்கிறவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான்.

தண்ணீரில் 10 மீற்றர் ஆழத்துக்கு ஏறத்தாழ 1 பார் (பார் என்பது அமுக்கத்தின் அலகு). இந்த ஒரு கணக்குப் போதும். அகலம், நீளம், எத்தனை லீற்றர் என்பதெல்லாம் அமுக்கத்துக்குத் தேவையில்லை. விக்டோரியா அணையின் உயரம் 122 மீற்றர். அத்தனை உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அடியில் சுமார் 12 பார். அதே 122 மீற்றர் உயரத்துக்கு அரை அங்குலக் குழாய் ஒன்றை மலையில் போட்டுத் தண்ணீர் நிரப்பினால் அடியில் அதே 12 பார்தான்.

இதைப் படித்துப் பாஸான பிறகும் நான் ஏமாந்திருக்கிறேன். ஒரு தோட்டத்தில் ஊற்றுத் தண்ணீரைக் கீழ் லயத்துக்குக் கொண்டுபோகும் வேலை. ஊற்றுக்கும் கீழ்த் தொட்டிக்கும் உயர வித்தியாசம் 85 மீற்றர். வாங்கித் தந்த குழாய் 6 பாருக்கானது. திறந்துவிட்டுப் பார்த்தோம், பகல் முழுக்க நன்றாக ஓடியது. ஒப்பந்தக்காரர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார். விடியற்காலை இரண்டு மணிக்குக் கீழே ஒரு பொருத்து வெடித்துத் தண்ணீர் லயத்துக்குள் வந்தது. ஒட்டினோம். மறுநாளும் இரவில்தான் வெடித்தது. பேய் வேலை என்றே சிலர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

காரணம் இதுதான். பகலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஓடும்போது குழாய்ச் சுவரோடு உராய்ந்து, உயரத்தால் கிடைத்த அமுக்கத்தில் பெரும்பகுதியை வழியிலேயே செலவழித்துவிடும். இரவில் தொட்டி நிரம்பி மிதவை வால்வு மூடிக்கொண்டது. ஓட்டமில்லை, உராய்வுமில்லை. முழு 85 மீற்றரும், அதாவது 8.3 பார், அடிப் பொருத்தில் உட்கார்ந்தது. நின்ற தண்ணீர் ஓடுகிற தண்ணீரைவிட ஆபத்தானது என்று அன்றைக்குப் பிறகு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பாதி வழியில் மூடியில்லாத சின்னத் தொட்டி ஒன்றைக் கட்டினோம். அங்கே தண்ணீர் காற்றைப் பார்த்ததும் அமுக்கக் கணக்கு மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும்.

மண்ணுக்குள் இருக்கிற தண்ணீருக்கும் அமுக்கம் உண்டு. கடும் மழையில் சரிவு ஊறும்போது, மணிகளுக்கு இடையில் நிற்கும் நீரின் அமுக்கம் ஏறி, மணிகள் ஒன்றையொன்று பற்றும் பிடியைத் தளர்த்தும். ஒரு கட்டத்தில் நின்ற மண் பாய்மம் போல இறங்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண்சரிவை இந்தப் பாடத்தோடு சேர்த்து யோசியுங்கள். தோட்டத்தில் கான், அதாவது வடிகால், வெட்டுவது மேல்மண்ணைக் காக்க மட்டுமில்லை, சரிவுக்குள் இறங்கும் நீரைக் குறைக்கவும்தான். மேட்டில் அடைபட்ட கானைக் கண்டால் சாதாரணமாக எண்ண வேண்டாம்.

இன்னொன்று: வளிமண்டலத்துக்கும் அமுக்கம் உண்டு, அது உயரத்தோடு குறையும். கடல்மட்டத்தில் 1.01 பார், நுவரெலியாவின் 1868 மீற்றரில் 0.81 பார் அளவு. அதனால் மேலே வைத்த பம்ப் கீழே இருக்கிற தண்ணீரை உறிஞ்சும் உயரத்தின் எல்லை கொழும்பில் 10 மீற்றர் சொச்சம் என்றால் நுவரெலியாவில் 8 சொச்சம்தான், அதுவும் ஏட்டுக் கணக்கில். நடைமுறையில் இன்னும் குறையும். கொழும்பில் வேலை செய்த பம்ப் இங்கே இழுக்கவில்லை என்றால் கடைக்காரரோடு சண்டைக்குப் போக முன் இதைப் பாருங்கள்.

பிசுக்குமை என்று நமது புத்தகங்கள் சொல்வதைத் தமிழ்நாட்டுப் புத்தகங்கள் பாகுநிலை என்கின்றன. அவர்கள் அழுத்தம் என்றால் நாங்கள் அமுக்கம், அவர்கள் ஆற்றல் என்றால் நாங்கள் சக்தி. யூடியூப் பார்த்துப் படிக்கிறவர்கள் குழம்புவது பெரும்பாலும் இந்தச் சொற்களில்தான், கருத்தில் இல்லை. பாய்மத்தின் ஒரு அடுக்கு பக்கத்து அடுக்கை எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது என்பதே பிசுக்குமை. திரவத்தைச் சூடாக்கினால் அது குறையும். 10 பாகைத் தண்ணீருக்கு இருப்பது 30 பாகைத் தண்ணீருக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு. கித்துள் பாணிப் போத்தலை மாசி மாதக் காலையில் நானுஓயாவில் சரித்துப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வாயுவில் எதிர்மாறு: சூடேறச் சூடேறப் பிசுக்குமை கூடும். தக்காளி சோஸ் போல, தட்டினால் மட்டும் இளகுகிற பாய்மங்களும் உண்டு. அவை நியூட்டனின் விதிக்கு அடங்காதவை, உங்கள் பாடத்துக்கு இப்போது தேவையில்லை.

இயக்கத்துக்கு இரண்டு கணக்கு. ஒன்று தொடர்ச்சி: நிரம்பிய குழாயில் உள்ளே போன அளவே வெளியே வரும், ஆகவே குறுகிய இடத்தில் வேகம் கூடும். மற்றது டேனியல் பேர்னூலி 1738இல் வெளியிட்ட நூலோடு சேர்த்துச் சொல்லப்படுவது: உராய்வில்லாமல் ஓடும்போது அமுக்கம், வேகம், உயரம் மூன்றின் சக்தியும் சேர்ந்த தொகை மாறாது, ஒன்று கூடினால் மற்றது குறையும். ஹோஸ் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் தூரம் பாய்வதற்குத் தொடர்ச்சியை மட்டும் காரணம் சொல்வார்கள். அது அரைகுறை விளக்கம். விரல் வைத்ததும் வருகிற மொத்தத் தண்ணீர் குறைகிறது, வாளியை வைத்து அளந்து பாருங்கள். ஓட்டம் குறைந்ததால் ஹோஸுக்குள் உராய்வு குறைந்து, மிச்சப்பட்ட அமுக்கம் விரலுக்குப் பின்னால் சேர்ந்து, வேகமாக மாறி வெளியேறுகிறது. என் குழாய் இரவில் வெடித்ததும் இதே கதைதான்.

பேர்னூலியை லயத்துக் கூரையிலும் பார்க்கலாம். தென்மேற்குப் பருவக் காற்றில் தகரத்தின் மேலே காற்று விரைந்து போகும்போது அங்கே அமுக்கம் குறையும், உள்ளே குறையாது. காற்று செக்கனுக்கு 20 மீற்றர் என்றால் வித்தியாசம் சதுர மீற்றருக்குச் சுமார் 20 கிலோகிராம் நிறைக்குச் சமம். இரண்டு சதுர மீற்றர்த் தகரத்தை நாற்பது கிலோ விசை மேலே இழுக்கிறது. அம்மாமார் கூரையில் கல்லும் பழைய டயரும் ஏற்றி வைப்பது இந்தக் கணக்குக்குத்தான்.

சரி, ஆறு கேள்விகள்.

முதலாவது: ஓர் இடத்தில் நின்று பார்த்தால் நேரத்தோடு மாறுகிறதா? மாறாவிட்டால் உறுதி ஓட்டம், மாறினால் உறுதியற்ற ஓட்டம். இரண்டாவது: ஒரே நேரத்தில் இடத்துக்கு இடம் வேகம் மாறுகிறதா? மாறாவிட்டால் சீரான ஓட்டம், மாறினால் சீரற்றது. இந்த இரண்டையும் குழப்பாத மாணவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. தலவாக்கலை வீதியில் நின்று சென்கிளேயர் அருவியைப் பாருங்கள். மழை இல்லாத நாளில் பத்து நிமிடம் பார்த்தாலும் அதே உருவம், அதே இடத்தில் அதே வேகம். ஆகவே உறுதி ஓட்டம். ஆனால் விழும் ஒவ்வொரு துளியும் கீழே போகப் போக வேகமெடுக்கிறது, ஆகவே சீரற்ற ஓட்டம். உறுதி ஓட்டத்தில் ஆர்முடுகல், அதாவது வேகமெடுத்தல், இருக்க முடியாது என்று எழுதினால் புள்ளி போய்விடும். ஒரே அகலம், ஒரே சரிவுள்ள நீளமான சீமெந்துக் கானின் நடுப்பகுதி உறுதியானது, சீரானது. மழை அடிக்கத் தொடங்கிய முதல் நிமிடங்களில் அதே கான் உறுதியற்றது.

மூன்றாவதுதான் பிரபலமான கேள்வி: அடுக்கடுக்காகப் போகிறதா, கலந்துகொண்டு போகிறதா? நமது புத்தகத்தில் அருவிக்கோட்டுப் பாய்ச்சல், கொந்தளிப்புப் பாய்ச்சல் என்று இருக்கும். சாமி படத்துக்கு முன்னால் கொளுத்திய ஊதுபத்தியைக் காற்றில்லாத அறையில் பாருங்கள். புகை சில அங்குலம் நூல் பிடித்தது போல நேராக ஏறும், பிறகு திடீரென்று சுருண்டு கலையும். நேராக இருப்பது அருவிக்கோட்டுப் பாய்ச்சல், நான் அடுக்கோட்டம் என்று சொல்வேன்; கலைந்தது கொந்தளிப்பு. இந்த மாற்றத்தை எண்ணில் பிடித்தவர் ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ். 1883இல் மான்செஸ்டரில் கண்ணாடிக் குழாய்த் தண்ணீருக்குள் சாய நூல் ஒன்றை விட்டுப் பார்த்தார். வேகத்தைக் குழாய் விட்டத்தால் பெருக்கி, இயக்கப் பிசுக்குமையால் (பிசுக்குமையை அடர்த்தியால் வகுத்தது) வகுத்தால் வருவது ரெனோல்ட்ஸ் எண். வட்டக் குழாயில் அது 2000க்குக் கீழே என்றால் அடுக்கு, 4000க்கு மேலே என்றால் கொந்தளிப்பு, நடுவில் இரண்டும் மாறிமாறி.

வீட்டுக் குழாய்க்குக் கணக்குப் பார்ப்போம். விட்டம் 15 மில்லிமீற்றர், வேகம் செக்கனுக்கு 1 மீற்றர், 20 பாகைத் தண்ணீரின் இயக்கப் பிசுக்குமை செக்கனுக்குச் சதுர மீற்றரில் பத்து இலட்சத்தில் ஒன்று. விடை 15,000. நல்ல கொந்தளிப்பு. அடுக்கோட்டம் வேண்டுமென்றால் ஒன்றரை லீற்றர் போத்தல் நிரம்ப ஒரு நிமிடத்துக்கு மேல் எடுக்கிற அளவுக்குத் திறக்க வேண்டும். யாரும் அப்படித் திறப்பதில்லை. அமைதியாக ஓடுகிற கொத்மலை ஓயா? ஒரு மீற்றர் ஆழம், செக்கனுக்கு அரை மீற்றர் வேகம் என்றாலும் ஐந்து இலட்சம் வரும். ஆகவே “ஆறு அமைதியாக ஓடுகிறது, எனவே அடுக்கோட்டம்” என்று தயவுசெய்து எழுத வேண்டாம். நான் திருத்திய விடைத்தாள்களில் பாதி இந்தக் குழியில்தான் விழுந்து கிடந்தன.

நான்காவது: அடர்த்தி மாறுகிறதா? தண்ணீர் நெருக்க முடியாதது, காற்று நெருக்கத்தக்கது என்று பாடமாக்கி வைத்திருப்பீர்கள். பொருளுக்கு அது சரி, ஓட்டத்துக்குச் சரியில்லை. கொழுந்து வாட்டும் நீளத் தட்டுக்கு அடியில் காற்றாடி தள்ளும் காற்று சில மீற்றர் வேகத்தில்தான் போகிறது. ஒலியின் வேகத்தில் பத்தில் மூன்று, அதாவது செக்கனுக்குச் சுமார் 100 மீற்றர், வரும் வரை காற்றின் அடர்த்தி மாற்றத்தைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. ஸ்டோர்க் காற்று நெருக்கமுடியாத ஓட்டம்.

தண்ணீர் நெருங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். தொட்டி கட்டிய பிறகு குழாய் மறுபடி வெடித்தது, இம்முறை பட்டப்பகலில். கீழே வால்வை யாரோ ஒரே திருப்பில் சட்டென்று மூடியிருந்தார்கள். ஓடிக்கொண்டிருந்த நீர் தலை முட்டி நின்றது. பின்னால் வந்தது அதன்மேல் நெருங்க, அமுக்க அலை ஒன்று குழாய் வழியே மேலே ஓடியது. அந்த அலையின் வேகம் பிவிசி குழாயில் செக்கனுக்குச் சில நூறு மீற்றர், இரும்புக் குழாயில் ஆயிரத்துக்கும் மேல். பிவிசியில் 400 என்று வைத்தால், நிறுத்தப்பட்ட ஒவ்வொரு 1 மீற்றர் வேகத்துக்கும் 4 பார் ஏறும். எங்கள் குழாயில் வேகம் ஒன்றரை மீற்றர், அதாவது 6 பார், ஏற்கெனவே இருந்த அமுக்கத்துக்கு மேலே. இதை நீர்ச் சுத்தியல் என்பார்கள். இங்கே தண்ணீரை நெருக்கத்தக்கது என்று எடுக்காமல் கணக்கே வராது. மலையிலிருந்து இறங்கும் பெரிய குழாய்களுள்ள லக்ஷபான போன்ற நீர்மின் திட்டங்களில், மேலே எழும்பும் தண்ணீரை வாங்கிக்கொள்ளத் தனிக் கிணறு போன்ற அமைப்பு வைப்பதும் இந்த அடியைத் தாங்கத்தான். பொறியியலாளர் விமலசுரேந்திர நீர்மின் வேண்டும் என்று 1918இலேயே எழுதி வாதாடியும், லக்ஷபானவின் முதல் நிலையம் ஓடத் தொடங்க 1950 ஆகிவிட்டது. அது வேறு கதை.

ஐந்தாவது, சுழற்சி: பாய்மத் துண்டு தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறதா? தொட்டி வாயில் சுழியை உண்டாக்கி, நடுவிலிருந்து தள்ளி ஒரு தீக்குச்சியைப் போடுங்கள். குச்சி வட்டமாகப் போகும், ஆனால் அதன் தலை ஏறக்குறைய ஒரே திசையையே பார்த்திருந்தால் அங்கே சுழற்சியற்ற ஓட்டம். வட்டமாகப் போவது வேறு, தன்னைத்தானே சுற்றுவது வேறு. ஆறாவது, பரிமாணம்: வேகத்தைச் சொல்ல எத்தனை திசையில் மாற்றம் பார்க்க வேண்டும்? உண்மையில் எல்லாமே முப்பரிமாணம். நீளக் குழாயில் சராசரி வேகம் போதும் என்றால் ஒரு பரிமாணமாக எடுப்போம். அது நம் வசதி, தண்ணீரின் குணமில்லை.

பரீட்சைக்கு: முதலில் எந்த இடம், எந்த நேரம் என்று ஒரு வரி எழுதுங்கள். பிறகு கேள்வி கேள்வியாக விடை, ஒவ்வொன்றுக்கும் அரை வரிக் காரணம். மூன்றாவதுக்கு மட்டும் எண் போட்டுக் காட்டுங்கள்.

இனி உங்கள் பீலி. மார்ச் மாத வறட்சியில், மெல்லிய இழையாக, கண்ணாடிக் கம்பி போல அசையாமல் விழும்போது: உறுதி, கீழே போகப் போக வேகமெடுத்து மெலிவதால் சீரற்றது, அடுக்கோட்டம், நெருக்கமுடியாதது. பீலிக்குள் அடிப்புறம் ஒட்டிக்கொண்டு மேல்புறம் ஓடுவதால் அங்கே சுழற்சி உண்டு. சரிவையும் ஆழத்தையும் பார்த்தால் இரு பரிமாணம் போதும். கீழே இழை முத்து முத்தாக உடைவதைக் கொந்தளிப்பு என்று எழுதாதீர்கள், அது மேற்பரப்பிழுவையின் (நீர்ப் பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ளும் இழுவிசை) வேலை. ஜூலை மழையில் அதே பீலி வெள்ளையாக இரைந்து கொட்டும்போது மூன்றாவது விடை மாறும், மழை கூடிக் குறைந்தால் முதலாவதும் மாறும். சேருக்கு இரண்டு மாதத்துக்கும் இரண்டு விடை சொல்லுங்கள்.

நோட்ஸில் இல்லாத ஏழாவது ஒன்றும் இருக்கிறது. பீலிக்குக் கீழே கானில் தண்ணீர் போகுமே, அதில் விரலை வையுங்கள். சிற்றலை விரலுக்கு மேல்பக்கமும் ஏறிப் போனால் ஓட்டம் அலையைவிட மெதுவானது. ஏற முடியாமல் கீழ்ப்பக்கம் மட்டும் அம்புத்தலை போல விரிந்தால் ஓட்டம் அலையை முந்திவிட்டது. 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் அந்த அலையின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 1 மீற்றர். சரிவான கான் மட்டமாகிற இடத்தில் தண்ணீர் திடீரென்று நுரைத்துப் படி போல உயர்வதைப் பார்த்திருப்பீர்கள். முந்திப்போன ஓட்டம் மறுபடி பிந்துகிற இடம் அது. உங்கள் லயத்துக் கானில் அந்தப் படி எந்த இடத்தில் நிற்கிறது, மழை கூடினால் மேலே நகர்கிறதா கீழே நகர்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.